இருபத்திரண்டு பற்கள்

"எதுங்ணா நல்லது?" என்று சுலோச்சனா இரண்டாம் முறை கேட்டாள். தணிகாசலம் சைக்கிள் கடைத் தரையில் குத்துக்காலிட்டு அமர்ந்து, கம்பியில் தூக்கி மாட்டியிருந்த சைக்கிளின் பெடலைக் கையால் சுழற்றிக்கொண்டிருந்தார். கேள்வி காதில் விழுந்தது. பதிலும் தெரியும். பாலிடெக்னிக்கில் இருபத்தேழு ஆண்டுகளாகப் பல்சக்கர விகிதம் என்னும் பாடத்தைக் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்தவருக்கு இது தெரியாமல் போகுமா? ஆனால் புதுச் செயின் எண்ணெயில் வழுக்கி ஓடும் அந்தச் சலசலப்பு நின்றுவிட்டால் பேச வேண்டியிருக்கும் என்று கை நிற்காமல் சுற்றியது. அருகருகே இரண்டு சைக்கிள்கள். இடப்பக்கம் நிற்பதற்குப் பெடலருகே மூன்று பல்சக்கரங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக: நாற்பத்திரண்டு பல், முப்பத்திரண்டு பல், எல்லாவற்றுக்கும் உள்ளே ஒளிந்தாற்போல இருபத்திரண்டு பல். பின்சக்கரத்தில் ஒன்பது, அவற்றில் பெரியது முப்பத்துநான்கு பல். ஆக இருபத்தேழு கியர். வலப்பக்கம் நிற்பது இப்போதைய மோஸ்தர். பெடலருகே ஒரே ஒரு சக்கரம், முப்பத்திரண்டு பல். பின்னால் பன்னிரண்டு அடுக்கு, கடைசி அடுக்கு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஐம்பத்தொரு பல். "எனக்கு இருபத்தேழு பெருசு, பன்னெண்டு சிறுசு. அவ்வளவுதாங்ணா கணக்குத் தெரியும்" என்று சொல்லி அவள் சிரித்தாள். கணவன் போன இந்தப் பதினோரு மாதத்தில் அவள் சிரித்து அவர் பார்த்தது இதுவே முதல் தடவை. அதற்குப் பதிலாக அவரும் சிரிக்க முயன்றார். உதடு மட்டும் அசைந்தது. மனம் தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது: இருபத்திரண்டை முப்பத்துநான்கால் வகுத்தால் புள்ளி ஆறு நான்கு. முப்பத்திரண்டை ஐம்பத்தொன்றால் வகுத்தால் புள்ளி ஆறு இரண்டு. ஒரு மிதிக்குச் சக்கரம் மூன்றில் இரண்டு பங்குகூடச் சுற்றாது. இரண்டும் ஒன்றுதான். இரண்டு வண்டியிலும் ஏறமுடியாத மலை கிடையாது. நடுச்சக்கரத்திலேயே ஏறினால்தான் ஒரு மிதிக்கு ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று, ஒன்றரை மடங்குச் சுமை, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும். நெஞ்சுக்கும் என்ற சொல்லில் கணக்கு தடுக்கி நின்றது. அவர் பெடலை மறுபடி சுற்றினார்.

போன வாரம் தொலைபேசியில் அழைத்தவள் அவள்தான். அவள் கணவன் வெங்கிடுபதி இறந்த பிறகு அவளாக அவரை அழைத்ததே இல்லை. திரையில் 'வெங்கிடு வீடு' என்று எழுத்து மின்னியபோது ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று கேட்க அவன்தான் கூப்பிடுகிறான் என்று நெஞ்சு துள்ளிவிட்டது. "அண்ணா, எனக்கு ஒரு மலைச் சைக்கிள் வாங்கித் தரணுங்ணா. காசு நான் வெச்சிருக்கேன். கியர் மட்டும் நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றாள். நாற்பத்தெட்டு வயதில் எதற்கம்மா என்றார். வருஷத் திதிக்கு முன்னால் கோத்தகிரி மலைப்பாதையில் அவர் விழுந்த அந்தத் திருப்பம்வரை தானே மிதித்துப் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். "காருல ரெண்டு தரம் போயிட்டு வந்துட்டேங்ணா. சில்லுன்னு காத்து வருது, மரம் தெரியுது, அவ்வளவுதான். அவரு எங்க கஷ்டப்பட்டாருன்னு காருல போனாத் தெரியமாட்டேங்குது." பார்த்துச் சொல்கிறேன் என்றார். அடுத்துச் சொன்னதுதான் ஒரு வாரமாக உறுத்துகிறது: "அவரு என் பேச்சைக் கேட்டாரோ இல்லியோ, உங்க பேச்சைக் கேப்பாருங்ணா." கேட்டான். ஆம், கேட்டான். அதுதான் வினையே. அந்தப் பேச்சு என்னவென்று அவளுக்குத் தெரியாது. மகள் மிருதுளாவுக்கும் தெரியாது. அவர்கள் அறிந்தது வேறொன்று. முதல் நாள் இரவு கணவன் மனைவிக்குள் ஏதோ சொல்லித் தடித்துவிட்டது; காலையில் அவள் எழுந்திருக்கவில்லை; ஏழு வருடமாகத் தண்ணீர்ச் செம்போடு தலைமாட்டில் எடுத்து வைக்கிற ரத்தக் கொதிப்பு மாத்திரையை அன்று எடுத்து வைக்கவில்லை. பத்தாம் நாள் காரியத்தன்று வீட்டுக்குள் மிருதுளா அழுதுகொண்டே சொன்னதை அவர் வாசல் நாற்காலியிலிருந்து கேட்டார்: "அட்டையில ஒண்ணு மிச்சம் இருக்குதும்மா. எண்ணிப் பாத்தேன். ஒண்ணு மிச்சம்." ஒரு மாத்திரை ஒரு நாள் தவறியதால் இது நேராது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னதை மகள் ஏற்கவில்லை. சுலோச்சனாவும் ஏற்றாள் என்று சொல்ல முடியாது. அன்று எழுந்து உள்ளே போயிருக்கலாம். பதினைந்து அடி தூரம். நாற்காலிக்கும் அந்தக் கதவுக்கும் நடுவே ஒரு கோலமும் இரண்டு ஜோடிச் செருப்பும்தான் கிடந்தன. அவர் காபித் தம்ளரைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார், ஆறிப்போனதைக் குடித்தார். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டார், காரிய வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்ற வழக்கம் அன்றைக்கு அவருக்கு எவ்வளவு வசதியாக இருந்தது!

"வாத்தியார் பரீட்சைப் பேப்பர் திருத்தற மாதிரி ஒவ்வொரு பல்லா எண்ணிட்டு இருக்காரு" என்றார் ரபீக் பாய், கடையின் சொந்தக்காரரும் மெக்கானிக்கும் அவரே, கையைக் கந்தலில் துடைத்துக்கொண்டு. "அம்மா, நீங்க உக்காருங்க. இவரு பாஸ் போடறதுக்குள்ள எனக்குக் கடை அடைக்கற நேரம் வந்துரும்." சுலோச்சனா முக்காலியில் அமர்ந்தாள். தணிகாசலம் எழவில்லை. உள்ளே ஒளிந்திருக்கும் அந்தச் சின்னச் சக்கரத்தின் மேல் விரல் நின்றுவிட்டது. இதற்குத்தான் பெயர் வைத்தோம். வைத்தோம் என்ன, வைத்தேன். பால்குடிச் சக்கரம். ஞாயிறுதோறும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறுகிற ஆறு பேருக்குள் ஒரு சட்டம். யார் சின்னச் சக்கரத்துக்கு இறங்கினாலும் கோத்தகிரி டீக்கடையில் அவனுக்கு டீ கிடையாது. ஒரு தம்ளர் பால், சர்க்கரை தூக்கலாக, எல்லோர் முன்னாலும் நின்றுகொண்டு குடிக்க வேண்டும். மறைக்க முடியாது. நடுவிலிருந்து செயின் சின்னதன் மேல் விழும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும். ஏற்றத்தில் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு பேச்சற்றுப் போகையில் அந்தச் சத்தம் முன்னால் போகிறவனுக்கும் கேட்கும், பின்னால் வருகிறவனுக்கும் கேட்கும். கேட்டதும் மற்ற ஐந்து குரலும் கிளம்பும். "பால்காரரே, ஒரு அரை லிட்டரு!" "யோவ் வெங்கிடு, தொட்டில் வாங்கியாச்சா?" வெங்கிடுபதி முதல் வருடத்தில் இரண்டு முறை பால் குடித்தான். மில்லில் நூறு பேரை மேய்க்கிற எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர், மீசையில் நுரை ஒட்ட, ஒரே மூச்சில் குடித்துத் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தான். சிரித்தானா? இப்போது அந்த முகத்தை நினைவில் கொண்டுவந்து பார்த்தால் வாய் சிரிக்கிறது. கண் தம்ளரின் அடியில் எதையோ தேடுகிறது. அன்று அதைப் பார்க்கவில்லை. மற்றவனின் கூச்சத்தைப் பார்க்காமலிருப்பதற்குத்தான் மனிதர்கள் இவ்வளவு உரக்கச் சிரிக்கிறார்களோ? அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் அவன் சின்னதற்கு இறங்கவேயில்லை. பற்களைக் கடித்தான், ஹேண்டில்பாரை முறுக்கினான், சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தான், கழுத்து நரம்பு கயிறு போலப் புடைத்தது. "பாத்தியா வாத்தியாரே, டீதான்" என்பான் மேலே வந்து. நானும் முதுகில் தட்டினேன். மலைக்குத் தெரியுமா யார் எந்தச் சக்கரத்தில் வருகிறான் என்று? அதற்கு ஒருவனும் பொருட்டல்ல. அவமானம் முழுவதும் நாங்கள் கீழேயிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போனது.

மூட்டை என்றதும் அந்தக் கதை வந்து நின்றது. வகுப்பில் ஆண்டுதோறும் முதல் நாள் அவர் சொல்லும் கதை. பாடத்தைவிட இதைத்தான் பையன்கள் நினைவில் வைத்திருப்பார்கள் என்று பெருமைப்பட்டுக்கொள்வார். கோயில் கட்ட மலைமேல் கல் சுமந்த இரண்டு கூலியாட்கள். ஒருவன் பாறை மறைவு வந்தபோதெல்லாம் தன் கூடையிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்துப் புதருக்குள் போட்டான். கூடை இலேசாக இலேசாக வேகம் கூடியது. திரும்பிப் பார்த்துக் கூவினான்: என்னப்பா, இவ்வளவுதானா உன் தெம்பு? கீழே வந்தவன் வெட்கப்பட்டுத் தன் கூடையில் இன்னும் இரண்டு கல்லை எடுத்துப் போட்டுக்கொண்டான். மேலே போய்ச் சேர்ந்தது ஒருவன்தான், வெறுங்கூடையோடு. கட்டுகிறவன் அவனைக் கேட்டானாம்: வேகத்தை வைத்து நான் எந்தச் சுவரை எழுப்புவது? இந்த இடத்தில் தணிகாசலம் சற்று நிறுத்துவார். "பிள்ளைகளே, சுமையைக் குறைத்துக்கொள்வது குற்றமில்லை. குறைத்ததை மறைத்துவிட்டு அடுத்தவனைப் பார்த்துக் கூவாதீர்கள்." வகுப்பு அமைதியாகும். அந்த அமைதியைச் சுவைத்துவிட்டு வருகைப் பதிவேட்டைத் திறப்பார். இருபது ஆண்டுக்கு மேல் சொன்ன கதை. அதற்குள் தானே ஒரு நாள் கூடையோடு நடந்து போவோம் என்று அவருக்குத் தோன்றியதில்லை. ஊருக்கு நீதி சொல்லப் புறப்படுகிறவர்களே, சொல்லுங்கள், வேண்டாமென்று யாரும் தடுக்கவில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் ஒருமுறை சொந்தக் கூடைக்குள் கையை விட்டுப் பாருங்கள். இந்த ஆண்டு ஜூனில் முதல் நாள் வகுப்பில் அந்தக் கதையைத் தொடங்கினார். "இரண்டு கூலியாட்கள்" என்றதோடு நாக்கு புரளவில்லை. அளவுகருவிகளைப் பற்றிப் பேசினார்.

"வாத்தியார் சொல்றதுக்கு முன்னால நான் ரெண்டு வார்த்தை சொல்லிப்போடறேன்" என்று ரபீக் பாய் தொடங்கினார். "மூணு சக்கர வண்டின்னா இடது கையி ஒரு வேலை, வலது கையி ஒரு வேலை. முன்னால பெருசு, பின்னாலயும் பெருசுன்னு போட்டீங்கன்னா செயின் கோணிக்கிட்டுப் போயி அறுத்துக்கும். பழகணும். இருபத்தேழுன்னு சொல்றாங்களே ஒழிய பாதிக் கியரு ஒண்ணுக்கொண்ணு சமானம். ஒத்தைச் சக்கரம்னா வலது கட்டைவிரல் மட்டும் போதும். கஷ்டமா இருந்தா ஒரு தட்டு, லேசாயிரும். செயின் கழண்டு விழாது. ஆனா ஒரு கியருக்கும் அடுத்த கியருக்கும் கொஞ்சம் இடைவெளி ஜாஸ்தி, சமதரையில வேகமாப் போறவங்களுக்கு அது புடிக்காது. நீங்க வேகமாப் போகப் போறீங்களா?" "நான் போய்ச் சேர்ந்தாப் போதுங்க" என்றாள் சுலோச்சனா. தணிகாசலத்துக்குப் பளிச்சென்று தெரிந்தது, ஒற்றைச் சக்கரம்தான் இவளுக்கு. மூட்டுவலி உள்ளவள், கியர் வண்டியே ஓட்டிப் பழகாதவள். ஏற்றத்தின் நடுவில் இடது கை வலது கை என்று குழம்பினால் விழுவாள். சொல்லிவிடலாம். இதோ சொல்லலாம். ஏன் சொல்லவில்லை? ஏனென்றால் மனத்தின் இன்னொரு மூலையிலிருந்து அதே பதில் வேறொரு முகத்தோடு எட்டிப் பார்த்தது. ஒற்றைச் சக்கர வண்டியில் பால்குடிச் சக்கரமே கிடையாது. அவள் ஒருபோதும் கேட்கமாட்டாள், இந்தச் சின்னது எதற்குங்ணா என்று. மலையில் அந்த டக் சத்தத்தைக் கேட்கமாட்டாள். கேட்டு, வெங்கிடு ஏன் இதைப் போடவில்லை என்று யோசிக்கமாட்டாள். வண்டியைச் செய்தவர்களே வெட்கத்தை மாட்டி வைக்கிற ஆணியைப் பிடுங்கிவிட்டார்கள். அப்படியானால் நான் பரிந்துரைப்பது இவளுடைய முழங்காலுக்காகவா, எனக்காகவா? சரியான பதிலைத் தவறான காரணத்துக்காகச் சொன்னால் அது சரியான பதிலாகவே இருக்குமா? மாணவன் அடுத்தவன் விடைத்தாளைப் பார்த்து எழுதினாலும் விடை சரிதானே, மதிப்பெண் போடுவீர்களா சார் என்று எவனோ கேட்டது நினைவுக்கு வந்தது. போடமாட்டேன் என்று சொன்னதும்.

அந்தத் திருப்பம். வலப்பக்கம் பாறைச்சுவர் கசிந்து எப்போதும் ஈரமாக இருக்கும். காலை எட்டு மணி வெயில் இன்னும் இறங்கியிருக்கவில்லை. மற்ற நால்வரும் ஒரு கிலோமீட்டர் பின்னே. தணிகாசலம் முன்னால், வெங்கிடுபதி முப்பது கெஜம் கீழே. இரவு முழுக்கத் தூக்கமில்லாததாலோ என்னவோ அவருக்குத் தொடை எரிந்தது, காதுக்குள் தன் நாடியே அடித்தது. இன்னும் பத்து மிதி, அதற்கு மேல் முடியாது. அப்போது மேலிருந்து அரசுப் பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. அந்த ஹாரனின் நீளத்துக்குள், வளைவு தன்னை மறைத்த அந்த நொடியில், இடது விரல் தானாகப் போயிற்று. டக். யாருக்கும் கேட்கவில்லை. கால் பஞ்சாயிற்று. ஆகா, என்ன சுகம்! அந்தச் சுகம் இன்னும் தொடையில் நினைவிருக்கிறது, அதுதான் கொடுமை. மூச்சு திரும்பியது. மூச்சு திரும்பியதால்தானே கத்த முடிந்தது? "வெங்கிடூ! பால் காய்ச்சச் சொல்லட்டுமா?" கீழேயிருந்து, மூச்சை மென்று மென்று, பதில் வந்தது. "போய்யா வாத்தியாரே… டீதான்… நான் டீதான் குடிப்பேன்." மேல் வளைவிலிருந்து எட்டிப் பார்த்தபோது அவன் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தான், நடுச்சக்கரத்தில். அடுத்த முறை பார்த்தபோது சைக்கிள் படுத்திருந்தது. பின்சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இத்தனையையும் எவன் கேட்டாலும் விதி என்று சொல்லித் தேற்றுவான். அதற்குப் பிறகு நடந்ததை எவனிடம் சொல்வது? ஆம்புலன்ஸ் போன பின், நால்வரும் வாயைப் பொத்திக்கொண்டு அழுத பின், வண்டிகளை லாரியில் ஏற்ற வேண்டும் என்றபோது, தணிகாசலம் தன் சைக்கிளருகே போனார். செயின் சின்னச் சக்கரத்தில் கிடந்தது. யாரும் பார்க்கவில்லை என்று திரும்பிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, பின்சக்கரத்தை ஒரு கையால் தூக்கி, பெடலைச் சுற்றி, செயினை நடுச்சக்கரத்துக்கு ஏற்றினார். நண்பன் போய் நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. அழுதுகொண்டேதான் செய்தார். அழுகை உண்மை. கையும் உண்மை. ஒரே உடம்பில் இரண்டும் எப்படி இருந்தன என்பதைத்தான் பதினோரு மாதமாக மனம் திரும்பத் திரும்பத் தூக்கிச் சுற்றிப் பார்க்கிறது, இந்தப் பெடலைப் போல.

"சார், ஒண்ணு கேக்கணும்னு நெனச்சிட்டே இருந்தேன்" என்று ரபீக் பாய் குரல் கொடுத்தார். "அம்மா போன மாசம் வெங்கிடு சாரோட வண்டியச் சுத்தம் பண்ணித் தரச் சொன்னாங்க. பிரிச்சேன். நடுச்சக்கரத்துல பல்லெல்லாம் தேஞ்சு கத்தியாட்டம் நிக்குது. உள்ள இருக்கற சின்னது? கடையில நான் மாட்டிக் குடுத்தப்ப எப்படியோ அப்படியே. நாலு தரம் செயின் ஏறியிருந்தா அதிகம். இத்தனை வருசம் மலை ஏறுன மனுசன், ஏத்தத்துக்குன்னே இருக்கறதைத் தொடவே இல்லீங்களே. ஏனுங்க சார்?" கடையின் சுவர்க் கடிகாரம் பதினொன்றே கால் காட்டியது. வெளியே யாரோ டயருக்குக் காற்று கேட்டார்கள். சாயங்காலம் வாங்க என்று ரபீக் பாய் அனுப்பிவிட்டார். சுலோச்சனா முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதோ கதவு, பதினைந்து அடிகூட இல்லை. தணிகாசலத்தின் வாய் திறந்தது. அதிலிருந்து விரிவுரையாளர் பேசினார். "அவன் கால் பலம் அப்படி, பாய். சிலருக்கு அது தேவைப்படாது. லேசா நிறையச் சுத்தறவங்க உண்டு, கனமா மிதிச்சே ஏறறவங்க உண்டு. உடம்பு வாகு." சொல்லும்போதே குரல் எவ்வளவு சீராக இருந்தது! எத்தனை எளிதாக வந்தது! புதருக்குள் இன்னொரு கல். ரபீக் பாய் தலையாட்டினார். பின்பு சுலோச்சனா மெல்லச் சொன்னாள், யாரிடமும் இல்லாமல், தரையில் கிடந்த ஒரு போல்ட்டைப் பார்த்துக்கொண்டு. "அப்ப மலை அவருக்குக் கஷ்டமா இருந்திருக்காதுங்களா? நல்லாத்தான் ஏறியிருக்காரு. நான் மலையினாலன்னு நெனச்சு… சரிதாங்ணா. அப்ப மிருதுளா சொல்றதுதான் சரி. மாத்திரைதான்." அவள் எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். "சைக்கிள் வேண்டாங்ணா. இனி அங்க போயி நான் என்ன பாக்கறது?"

அப்போதுதான் அவருக்கு விளங்கியது, தம் வாயிலிருந்து போன கல் புதரில் விழவில்லை, அவளுடைய கூடையில் விழுந்திருக்கிறது. இந்தப் பதினோரு மாதமும் அப்படித்தான், சும்மா இருந்தேன் சும்மா இருந்தேன் என்று தம்மைத் தேற்றிக்கொண்டபோதெல்லாம் ஒவ்வொன்றாய் அவள் கூடையில்தான் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. சொல்லாமலிருப்பவன் சும்மா இருப்பதில்லை. "சுலோச்சனா, உக்காருங்க" என்றார். குரல் சீராக இல்லை. "நான் இப்பச் சொன்னது பொய்." ரபீக் பாய் கந்தலை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார், போகிற நேரத்தை அறிந்த மனிதர். தணிகாசலம் தரையிலிருந்து எழாமலே, அந்தச் சக்கரத்தின் மேல் வைத்த விரலை எடுக்காமலே சொன்னார். பால்குடி என்ற பெயர். அதை வைத்தது யார். பால் தம்ளர். மீசை நுரை. "அவனுக்குத் தேவைப்பட்டுச்சு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தேவைப்பட்டுச்சு. எங்களுக்குப் பயந்துகிட்டுப் போடல. எனக்குப் பயந்துகிட்டு." அவள் கடைசியில் கேட்டாள்: "அன்னைக்கும் கத்துனீங்களா?" "கத்துனேன்." "என்னன்னு?" சொன்னார். அவள் உதடு அந்தச் சொற்களை ஓசையின்றி ஒருமுறை சொல்லிப் பார்த்தது. பிறகு, அவர் ஒரு வாரமாக, பதினோரு மாதமாக, யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று அஞ்சிய ஒன்றை மிகச் சாதாரணமாக, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டாள்: "நீங்க அன்னைக்கு எதுல போனீங்க?" நடுவில் என்று ஒரு சொல் போதும். சாட்சி இல்லை, தாமே அழித்தாயிற்று. தணிகாசலம் சொன்னார். சின்னதில். பேருந்து ஹாரன். வளைவு. அதற்குப் பிறகு, கேட்காததையும், பின்சக்கரத்தைத் தூக்கியதை, திரும்பிப் பார்த்ததை, செயினை ஏற்றியதை. சொல்லி முடித்ததும் நெஞ்சு இலேசாகும் என்று எண்ணியிருந்தார். ஆகவில்லை. பாரம் இருந்த இடத்தில் இருந்தது, இப்போது வெளிச்சத்தில் இருந்தது, அவ்வளவே.

சுலோச்சனா அழவில்லை. அவள் கை மட்டும் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தது. "ஒரு மாத்திரை" என்றாள் ஒருமுறை. "தெனமும் காலையில எந்திரிச்சதும் அந்த அட்டையத்தான் பாப்பேன். மிருதுளா அதைத் தூக்கிப் போட விடல. பூசை அலமாரியில வெச்சிருக்கா." அவர் தலை நிமிரவில்லை. மன்னித்துவிடு என்று கேட்க வேண்டும் என்று தோன்றியது; கேட்டால் அவள் இன்னொன்றையும் சுமந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் தோன்றியது. கேட்கவில்லை. அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இப்பச் சொல்லுங்க. என் காலுக்கு எது?" "ஒத்தைச் சக்கரம்" என்றார். "முழங்கால் தாங்கும். வலது கை மட்டும் பழகினாப் போதும். ஏத்தத்துல பெரிய தட்டுக்குப் போட்டுட்டு, நடக்கறதைவிட மெதுவாப் போனாலும் போங்க. யாரு முந்தினாலும் முந்தட்டும்." "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்து, "பாய், இந்த வண்டிதான். சீட்டை என் உசரத்துக்கு இறக்கி வெச்சுருங்க" என்றாள். அவரிடம் திரும்பியபோது அவள் முகத்தில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா, அவரால் வாசிக்க முடியவில்லை. "மிருதுளா ஆறு மணிக்கு ஆபீஸ் விட்டு வருவா. நீங்க வீட்டுக்கு வாங்க. எங்கிட்டச் சொன்ன மாதிரியே ஒண்ணு விடாமச் சொல்லுங்க. நான் சொன்னா, தப்பிக்கறதுக்குச் சொல்றேன்னுவா. நீங்க பேசறப்ப நான் பக்கத்துல இருக்க மாட்டேன்." "வரேன்" என்றார். அவள் படியிறங்கி வெயிலில் நடந்து போனாள். ஆறு மணிக்கு இன்னும் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. மனம் இப்போதே வேலையைத் தொடங்கிவிட்டது. எங்கே ஆரம்பிப்பது, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது, பேருந்தை முதலில் சொல்வதா, வயதையும் தூக்கமின்மையையும் முதலில் சொல்வதா. உன் அப்பா ரொம்ப ரோஷக்காரர் அம்மா என்று தொடங்கினால் எவ்வளவு மிருதுவாக இருக்கும்! தணிகாசலம் கண்ணை இறுக மூடினார். அப்படித் தொடங்கினால் கேட்டு முடிக்கும்போது அவள் தன் அப்பாவின் மேல் வருத்தப்பட்டுக்கொண்டிருப்பாள். வேண்டாம். 'நான் உங்கப்பாவைக் கேலி செய்தேன்' என்று தொடங்க வேண்டும். பாய் உள்ளேயே இருக்க, கடையின் ஆளில்லாத முன்பக்கத்தில், தரையில் அமர்ந்தபடியே, அந்த ஒரு வாக்கியத்தை அவர் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். முதல் சொல்லிலேயே குரல் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னார்.